அபினிப் போரின் வரலாற்றைச் செட்டிநாட்டிலிருந்து படிப்பது எப்படி

செட்டிநாட்டுச் சமையற்கட்டில் குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கும் கசகசாவில் ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் பரப்பிக்கொள்ளுங்கள். கண்ணுக்குச் சிறிதாக, வெளுப்பாக, மணமே இல்லாமல் இருக்கும் இந்த விதையும் அபினும் ஒரே செடியில் விளைபவை. விதையில் போதை இல்லை. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில்தான் இருக்கிறது. அமீரகத்துக்கு விமானம் ஏறும் பிள்ளைகளிடம், பெட்டியில் கசகசா இருக்கிறதா என்று வீட்டில் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு அனுப்புவதன் காரணமும் இதுதான். காயின் பாலுக்காக 19ஆம் நூற்றாண்டில் இரண்டு போர்கள் நடந்தன. சீனாவுக்கும் பிரிட்டனுக்கும் நடந்த அந்தப் போர்களுக்குக் காரணமான சரக்கு இந்தியாவில் விளைந்தது. சண்டைக்குப் போனவர்களில் சென்னை ராஜதானிச் சிப்பாய்களும் இருந்தார்கள்.

காரைக்குடியிலும் சுற்றுவட்டத்திலும் இந்த வரலாற்றைத் தாமே படிக்க நினைப்பவர்களுக்காகவும், பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ நான்கு பேரோடு கூடிப் படிக்க நினைப்பவர்களுக்காகவும் இந்தக் குறிப்பை எழுதுகிறேன். பாடநூல்களில் இந்தப் போர் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. படிப்பவருக்கு இரண்டு கொடிகளும் ஒரு தேதியும்தான் மிஞ்சுகின்றன. என் அனுபவத்தில், கொடிகளை விட்டுவிட்டுக் கணக்கைப் பின்தொடர்ந்தால்தான் இந்தப் போர் புரிகிறது. வரவும் பற்றும் எழுதியே வாழ்ந்த ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்த வழி இயல்பாகவே கைவரும்.

நாட்களை நிறுத்துதல்

முதலில் ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் ஆங்கில ஆண்டையும் வலப்பக்கம் தமிழ் ஆண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும். தமிழ் ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். வீட்டிலுள்ள பழைய ஏடுகள் அந்தப் பெயர்களில்தான் நாள் சொல்கின்றன என்பதால், பின்னால் அது உதவும். சீன ஆணையர் லின் செசூ அபினை அழித்தது 1839 ஜூன் மாதம். அது விகாரி ஆண்டு, வைகாசியில் தொடங்கி ஆனியில் முடிந்தது. பிரிட்டிஷ் கப்பற்படை சீனக் கடலுக்கு வந்தது 1840, சார்வரி. முதல் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்டு 29, சுபகிருது ஆண்டு ஆவணி. 'ஆரோ' கப்பலின் மாலுமிகளைச் சீன அதிகாரிகள் கைதுசெய்து, இரண்டாம் போருக்குச் சாக்காக அமைந்த நிகழ்ச்சி 1856 அக்டோபர் 8, நள ஆண்டு புரட்டாசி. அதை முடித்த பீக்கிங் உடன்படிக்கை 1860 அக்டோபர், ரௌத்திரி ஆண்டு ஐப்பசி. இந்த ஐந்து நாட்களும் மனத்தில் நின்றால் போதும். மற்றவற்றை இவற்றுக்கு இடையில் செருகிக்கொள்ளலாம்.

இவற்றுக்கு முன்னாலும் சில ஆண்டுகள் உண்டு. 1729இல் யோங்செங் பேரரசர் புகைப்பதற்காக அபின் விற்பதைத் தடைசெய்தார். 1757இல் பிளாசிப் போரின் வழியாக வங்காளம் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டில்தான் சீன அரசு மேலைநாட்டு வணிகத்தைக் கான்டன் என்ற ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியது. 1773இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காள அபினைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். இவற்றை நெருக்கி எழுதிப் பார்த்தாலே, போருக்குக் காரணமானவை போருக்கு நூறாண்டு முன்பே வேர்விட்டிருந்தது தெரியும்.

ஒரே ஒரு பெட்டியைப் பின்தொடர்தல்

இந்தக் குறிப்பில் மிக முக்கியமான வேலை இது. ஒரு மாலை முழுவதும் இதற்கே ஒதுக்கலாம். போரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஓர் அபின் பெட்டி விளைநிலத்திலிருந்து கான்டன் வரை போன வழியைச் சுவரில் மாட்டிய படத்தில் நூல் கட்டிக் காட்ட வேண்டும்.

நூலின் முதல் முடிச்சு பீகாரிலோ காசிச் சீமையிலோ விழுகிறது. அங்கே உழவர் கம்பெனியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு செடி வைத்தார். விலையைக் கம்பெனிதான் நிர்ணயித்தது. விளைந்ததை வேறு யாருக்கும் விற்க முடியாது. பனிக்காலம் முடியும் நேரத்தில் காயைக் கீறிவிட்டு, இரவெல்லாம் கசிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி மண்கலத்தில் சேர்த்தார்கள். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த தொழிற்சாலைகளில் அதைப் பிசைந்து, அந்தச் செடியின் பூவிதழ்களையே ஒட்டி மேலோடு செய்து, ஒன்றரைக் கிலோ அளவிலான உருண்டைகளாக்கி, மாதக்கணக்கில் தட்டுகளில் காயவைத்தார்கள். நாற்பது உருண்டைகள் சேர்ந்தால் ஒரு பெட்டி. எடை அறுபது கிலோவுக்குச் சற்றே மேல். பெட்டி கங்கை வழியாகப் படகில் கல்கத்தாவுக்கு வந்தது. அங்கே ஏலம்.

ஏலத்தில் சம்மட்டி விழுந்த நொடியில் கம்பெனி தன் கையைத் துடைத்துக்கொண்டது. சீன அரசு தடைசெய்த பொருளைத் தன் கப்பலில் ஏற்றிப் போனால் தேயிலை வணிகத்துக்கான உரிமம் பறிபோகும் என்பதால், ஏலம் எடுத்த தனி வணிகர்களே அதைக் கொண்டுபோனார்கள். ஜார்டின் மாத்திசன், டென்ட் போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களும் அவர்களுக்குப் பங்காளியாக இருந்த பம்பாய்ப் பார்சி வணிகர் ஜம்சேட்ஜி ஜீஜீபாய் போன்றவர்களும் இந்த வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார்கள். மேற்கே மால்வாவில் விளைந்த அபின் பம்பாய் வழியாகப் போனது. அதில் கம்பெனிக்கு ஏகபோகம் கிடையாது, சுங்கம் மட்டுமே. கப்பல்கள் கான்டன் துறைமுகத்துக்குள் போகாமல், முத்தாற்றின் முகத்துவாரத்திலிருந்த லின்டின் தீவருகே நங்கூரமிட்டு நின்றன. பல துடுப்புகள் கொண்ட சீனப் படகுகள் வந்து சரக்கை இறக்கிக்கொண்டு போயின. விலை வெள்ளியில்.

அந்த வெள்ளி எங்கே போனது என்று கூட்டத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. தனி வணிகர்கள் அந்த வெள்ளியைக் கான்டனிலிருந்த கம்பெனியின் கருவூலத்தில் கட்டிவிட்டு, லண்டனிலோ கல்கத்தாவிலோ பணமாக்கிக்கொள்ளும் உண்டியலை வாங்கிக்கொண்டார்கள். கம்பெனி அதே வெள்ளியைக் கொடுத்துச் சீனத் தேயிலையை வாங்கியது. தேயிலை பிரிட்டனில் இறங்கியபோது அரசுக்குக் கிடைத்த சுங்கம், அந்நாட்டு மொத்த வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 'உண்டியல்' என்ற சொல்லைக் கோயிலில் காசு போடும் பெட்டியாக மட்டுமே அறிந்த இளையவர்களுக்கு, ஓர் ஊரில் பணம் கட்டி மறு ஊரில் எடுக்கும் சீட்டுக்கும் அதுவே பெயர் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொடுப்பது நல்லது. அந்த ஒரு சொல் புரிந்துவிட்டால், பீகார் உழவரின் முன்பணமும் லண்டன்காரரின் தேநீர்க் கோப்பையும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பது தானாகவே விளங்கிவிடும்.

படத்தில் கட்டிய நூலைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். கல்கத்தாவிலிருந்து கான்டனுக்குப் போகும் கப்பல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் நீரிணையைக் கடந்துதான் போக வேண்டும். நம் ஊர்களிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் சென்ற கடலும் அதுவே. இதைச் சொல்லும்போது பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

போர் ஏன் மூண்டது என்பதை விளக்குதல்

1820ஆம் ஆண்டளவில் சீனாவுக்குப் போன அபின் ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் பெட்டி அளவில் இருந்தது. 1838-39இல் அது ஏறத்தாழ 40,000 பெட்டியாகிவிட்டது. சீனாவிலிருந்து வெள்ளி வெளியேற வெளியேற, செப்புக்காசுக்கு எதிராக வெள்ளியின் விலை ஏறியது. அங்கே சாதாரண மக்கள் புழங்கியது செப்புக்காசு, வரி கட்ட வேண்டியது வெள்ளிக் கணக்கில். ஆகவே அபினைத் தொட்டே பார்க்காத உழவரும் அதற்காக விலை கொடுத்தார். 'சீனர்கள் போதைக்கு அடிமையானதால் தோற்றார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது இந்தப் பொருளாதாரத்தை மறைத்துவிடுகிறது என்பதால், அந்த வரியைப் படிப்புக் கூட்டத்தில் அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பேரரசர் தாவ்குவாங்கின் அவையிலேயே, அபினைச் சட்டப்படி அனுமதித்து வரி போடலாம் என்று 1836இல் ஒரு சாராரும், கடுமையாக ஒடுக்க வேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டார்கள். ஒடுக்குமாறு சொன்னவர்களின் பக்கம் வென்றதால், லின் செசூ 1839 மார்ச்சில் கான்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் மேலை வணிகர்களிடமிருந்து பெற்றது 20,283 பெட்டிகள். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட சரக்கு. அதை எரித்தார் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும்; அவர் எரிக்கவில்லை. ஹூமென் கடற்கரையில் பெரிய குழிகள் வெட்டி, நீரும் உப்பும் விட்டு, உருண்டைகளை உடைத்துப் போட்டு, மேலே சுண்ணாம்பைக் கொட்டிக் கிளறி, கரைந்ததைக் கடல் வற்றும் நேரத்தில் திறந்துவிட்டார். 23 நாட்கள் அந்த வேலை நடந்தது. தொடங்குவதற்கு முன் கடல் தெய்வத்துக்குப் படையலிட்டு, நீர்வாழ் உயிர்கள் இந்த நஞ்சிலிருந்து சிறிது காலம் விலகியிருக்கட்டும் என்று வேண்டி எழுதினார். இந்த ஒரு செய்தியைச் சொன்னால் பிள்ளைகள் லின்னை மறப்பதில்லை. விக்டோரியா அரசிக்கு அவர் வரைந்த கடிதமும் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதைக் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.

அடுத்த செய்திதான் கணக்குத் தெரிந்தவர்களுக்கு உரியது. வணிகர்கள் பெட்டிகளை நேரடியாக லின்னிடம் ஒப்படைக்கவில்லை. பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட், தம் அரசின் பெயரால் அவற்றைத் தம்மிடம் ஒப்படைக்கச் சொல்லி, அவற்றின் விலைக்கு அரசே பொறுப்பு என்று உறுதி கொடுத்துவிட்டார். ஏறத்தாழ இருபது லட்சம் பவுண்டு. ஒரு முகவர் முதலாளியைக் கேட்காமல் ஜாமீன் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. அந்தக் கடனை லண்டன் அரசு தன் மக்களிடம் வரியாக வசூலிக்க விரும்பவில்லை. சீனாவிடமே வாங்குவதென்று முடிவாயிற்று. 1840 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அரசைக் கண்டித்துக் கொண்டுவரப்பட்ட தீர்மானம் 262க்கு 271 என்ற கணக்கில், ஒன்பதே வாக்குகளில் தோற்றது. அன்று இளைஞராயிருந்த கிளாட்ஸ்டன் இந்தப் போரை அநீதியானதென்று கடுமையாகச் சாடினார். லண்டன் முழுவதும் ஒரே குரலில் பேசவில்லை என்பதைக் காட்ட இந்த வாக்குக் கணக்கு போதும்.

சண்டைகளைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். இரும்பால் கட்டிய 'நெமசிஸ்' நீராவிக் கப்பல் ஆழமில்லாத ஆறுகளிலும் நுழைந்தது, 1841 ஜனவரியில் ஹாங்காங் கைப்பற்றப்பட்டது, 1842 ஜூலையில் சென்ஜியாங் வீழ்ந்ததும் நான்கிங்குக்கு வழி திறந்தது என்ற அளவில் சொல்லிவிட்டு, உடன்படிக்கையின் தொகைக்கு வர வேண்டும். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர். இதைப் பேரேட்டில் எழுதுவதுபோல் பிரித்து எழுதச் சொல்லுங்கள்: அழிக்கப்பட்ட அபினுக்கு 60 லட்சம், கான்டன் வணிகர்கள் பிரிட்டிஷ் வணிகர்களிடம் பட்ட கடனுக்கு 30 லட்சம், போர்ச் செலவுக்கு 1 கோடியே 20 லட்சம். அதற்கு மேல் ஹாங்காங் தீவு. கான்டன், அமோய், ஃபூசௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள். தன் மேல் தொடுக்கப்பட்ட போரின் செலவைத் தானே கட்டிய நாடு என்று சீனாவின் பெயர் அந்தத் தாளில் நிற்கிறது. அபின் வணிகம் இனிச் சட்டப்படியானதா இல்லையா என்பதைப் பற்றி உடன்படிக்கை வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தின் நிழலில் வணிகம் முன்பைவிட வேகமாக வளர்ந்தது. அது சட்டப்படியானதாக ஆனது இரண்டாம் போருக்கு நடுவே, 1858இல், பெட்டிக்கு 30 டேல் (சீன எடையளவு) வெள்ளி சுங்கம் என்று வகுக்கப்பட்டபோதுதான்.

இரண்டாம் போரில் பிரான்சும் சேர்ந்துகொண்டது. 1860 அக்டோபரில் பீக்கிங்கின் கோடை அரண்மனை கொளுத்தப்பட்டது, கௌலூன் பிரிட்டனுக்குப் போனது. கான்டன் ஆளுநராயிருந்த யே மிங்சென் சிறைபிடிக்கப்பட்டுக் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1859இல் அங்கேயே இறந்தார் என்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். அபின் பெட்டிகள் புறப்பட்ட அதே ஊரில், அவற்றைத் தடுக்க நினைத்த அரசின் ஆளுநர் உயிர் பிரிந்திருக்கிறது.

சென்னைச் சிப்பாய்களைத் தேடுதல்

இந்தப் போரில் தமிழ்நாட்டுக்கு என்ன பங்கு என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். சென்னை ராஜதானியின் 37ஆம் காலாட்படைப் பிரிவு முதல் போரில் சண்டையிட்டது. பாதை, அரண் வேலைகள் செய்யும் சென்னைச் சுரங்கப்படையினர் (சாப்பர்ஸ்) இரண்டு போர்களிலும் இருந்தார்கள். அந்தப் படைகளில் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களும் கலந்திருந்தார்கள்.

1841 மே மாத இறுதியில் கான்டனுக்கு வடக்கே சன்யுவான்லி என்னும் சிற்றூரருகே இடியும் மழையுமாக ஒரு நாள். 37ஆம் பிரிவைச் சேர்ந்த அறுபது பேர் அளவிலான ஒரு குழு, வயல்வரப்புகளுக்கு நடுவே வழி தவறிப் பிரிந்துபோனது. அவர்களிடம் இருந்தவை சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கிகள். மருந்து நனைந்துவிட்டதால் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஈட்டியும் உழவுக் கருவிகளும் ஏந்தி ஆயிரக்கணக்கில் திரண்டுவந்த ஊர்மக்களுக்கு எதிரே, அவர்கள் சதுரமாக அணிவகுத்துத் துப்பாக்கி முனையின் ஈட்டியால் மட்டுமே தற்காத்து நின்றார்கள். மழையிலும் வெடிக்கும் புதுவகைத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படைவீரர்கள் இருட்டிய பிறகு தேடிவந்து அவர்களை மீட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு, கூட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் படை வரலாற்றில் இது சிப்பாய்களின் மனவுறுதிக்குச் சான்று. சீனாவில் இது ஊர்மக்கள் அந்நியப் படையை எதிர்த்து எழுந்த நாள்; அங்கே அதற்கு நினைவுச்சின்னமே இருக்கிறது. தம் வயலைக் காக்க வந்தவர்களுக்கும், மாதச் சம்பளத்துக்காகக் கடல் கடந்து வந்து நனைந்து நின்றவர்களுக்கும் நடுவே நடந்த சண்டை அது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனத்துப்போகிறது. இரு சாராரில் ஒருவரைக்கூட ஏளனமாகப் பேச யாருக்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டு ஏட்டைத் திறத்தல்

இனி நம் வாசலுக்கு வரலாம். இந்தப் பகுதியில் மிகுந்த கவனம் தேவை. அபினிப் போரை நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், நடத்தவில்லை, அதற்குப் பணம் கொடுக்கவுமில்லை. பர்மாவில் அவர்கள் பெருமளவில் பரவியது கீழ்ப்பர்மா 1852இல் பிரிட்டிஷார் கைக்குப் போன பிறகுதான். ஆனால் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அபின், அரசின் முதன்மை வருவாயாக இருந்தது. நூற்றாண்டின் பெரும்பகுதியில், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்ற அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அதிலிருந்தே வந்தது. அங்கே அரசு அபினை நேரடியாக விற்காமல், காய்ச்சி விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டது. அபின் குத்தகை என்று அதைச் சொல்லலாம். சீன வணிகக் கூட்டுகள் அந்தக் குத்தகையை எடுத்தன. காய்ச்சிய அபினுக்கு அங்கே சண்டு என்று பெயர். சுரங்கத்திலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த சீனக் கூலிகளே அதை வாங்கியவர்கள். நகரத்தார் சீன வணிகர்களுக்குக் கொடுத்த கடன் அபின் வணிகத்திலும் புழங்கியது என்று அந்தப் பகுதியின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குத்தகை முறை 1910இல் நீக்கப்பட்டு, விற்பனையை அரசே ஏற்றது.

ஆகவே, வீட்டில் பினாங்கு, சிங்கப்பூர்க் கணக்குகள் இருந்தால் அவற்றைத் திறந்து பார்ப்பதில் பொருள் உண்டு. இரண்டாங்கட்டு அறையிலோ மேல்மாடியிலோ தேக்குப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடக்கும் பேரேட்டை வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில், முகப்புத் திண்ணையில் பாய் விரித்து அதன்மேல் வைத்துத் திறக்க வேண்டும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. பூச்சி அரித்து ஒட்டிக்கிடக்கும் தாள்களை வலிந்து பிரிக்கவும் கூடாது.

பிள்ளையார் சுழிக்குக் கீழே முதலில் தென்படுவது குறியீடுகள்தான். ௵ என்றால் ஆண்டு, ௴ மாதம், ௳ நாள், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்களில் பலர் தடுமாறுவார்கள்: ௨௰௩ என்றால் இருநூற்று மூன்றோ இரண்டாயிரத்துச் சொச்சமோ அல்ல, இரண்டு பத்தும் மூன்றும் சேர்ந்த இருபத்து மூன்று. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்ற மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். மலாய் நாட்டுக் கணக்காக இருந்தால் தொகை 'வெள்ளி' என்று இருக்கும். ரங்கூன் கணக்காக இருந்தால் ரூபாய்.

ஆண்டைக் கணிக்கும்போது நான் செய்த ஒரு பிழையை இங்கே பதிவு செய்வது கடமை. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் 'விகாரி ௵ ஆனி ௴' என்று தொடங்கும் ஓர் ஏடு கிடைத்தது. லின் அபினை அழித்த அதே ஆண்டு, அதே மாதம் என்று மனம் துள்ளி, 1839ஆம் ஆண்டு ஏடு என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே ஏட்டின் நடுப்பக்கமொன்றில், சிறிய எழுத்தில், 'தந்திச் செலவு' என்று ஒரு பற்று வரி இருந்தது. 1839இல் நம் நாட்டில் மக்களுக்கான தந்திச் சேவை ஏது? தமிழ் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பது தெரிந்திருந்தும், ஆசையில் அதை மறந்துவிட்டேன். அந்த ஏடு 1899க்கு உரியது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று திருத்திச் சொன்னேன். அதிலிருந்து, தந்தி, ரயில், தபால், முத்திரைத்தாள், பவர்ப்பத்திரம் போன்ற சொற்களைத் தேடிப் பார்த்து இரண்டு சான்றாவது கிடைத்த பிறகே ஆண்டைப் பென்சிலால் குறிப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஏட்டில் ஒரு சீன வணிகரின் பெயர் இருப்பதாலேயே அது அபின் கடன் ஆகிவிடாது. அவர் அரிசியோ ஈயமோ மிளகோ விற்றவராக இருக்கலாம். அபின் அல்லது சண்டு என்ற சொல் அந்த வரியிலேயே இருந்தால் மட்டும் அப்படி எழுத வேண்டும். இல்லையென்றால், 'சீன வணிகருக்குக் கடன், இன்ன தொகை, இன்ன வட்டி' என்பதோடு நிறுத்த வேண்டும். நம் வீட்டுத் தேக்குத்தூணையும் பீங்கான் சாடியையும் காட்டி, 'இதெல்லாம் அபின் காசு' என்று பேசுபவர்களும் உண்டு, அபினா, எங்களுக்கும் அதற்கும் தொடர்பே கிடையாது என்று கோபப்படுபவர்களும் உண்டு. இரண்டையும் ஏடு சொல்லவில்லை. ஏடு சொல்லாததை நாம் சொல்லக் கூடாது.

பெரியவர்களிடம் கேட்டல்

ஏட்டுக்கு அடுத்தபடி நினைவு. நேரே அபினைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். குடும்பத்தின் மேல் பழி வருமோ என்ற அச்சம் அது, அதை மதிக்க வேண்டும். பயணத்திலிருந்து தொடங்கலாம். "ஆச்சி, ஐயா எந்த ஊருக்குக் கொண்டுவிக்கப் போனாக?" என்று நான் ஒரு வீட்டில் கேட்டபோது, "பினாங்குக்குத்தான் போனாக தம்பி. மூணு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. கிட்டங்கியில ஒரு பெட்டியும் ஒரு பாயுந்தான் அவுகளுக்கு" என்று அந்த ஆச்சி தொடங்கினார்கள். பிறகு நாங்கள் கேட்காமலேயே, கடைத்தெருவில் சீனக் கூலிகள் புகைக்கும் இடத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு போவதாகத் தம் மாமனார் சொன்னதையும் நினைவுகூர்ந்தார்கள். நகரத்தார் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியின் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு முகவரும் தரையில் அமர்ந்து கணக்கெழுதிய அந்த இடத்துக்கும், சண்டு விற்ற கடைக்கும் இடையே எத்தனை வீடு தூரம் என்பது எந்தப் பேரேட்டிலும் கிடைக்காத செய்தி. சொல்பவர் அனுமதித்தால் ஒலிப்பதிவு செய்யலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்றால் வெளியிடக் கூடாது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய அச்சுநூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாகப் பயன்படுகின்றன. அந்தக் காலப் பத்திரிகைகளில் சீனச் செய்தியும் மலாய்நாட்டுச் செய்தியும் எப்படி வந்தன என்று தேட விரும்புபவர்கள் அங்கே போகலாம். போகும்முன் தேடும் ஆண்டையும் ஊர்ப்பெயரையும் எழுதிக்கொண்டு போனால் நேரம் மிச்சமாகும்.

கடைசிக் கணக்கு

படிப்பு முடியும் மாலையில், கூட்டத்தினர் எல்லாரும் சேர்ந்து ஒரு பேரேடு எழுதுங்கள். ஆளுக்கொரு பற்றுவரவுப் பக்கம்: பீகார் உழவர், கம்பெனி, பம்பாய் வணிகர், லண்டன் சுங்கத்துறை, கான்டன் வணிகர், சீன வரிகொடுப்பவர், 37ஆம் பிரிவுச் சிப்பாய், பினாங்குக் குத்தகைதாரர், அங்கே உழைத்த கூலி, அவருடைய முதலாளிக்குக் கடன் கொடுத்த முகவர். ஒவ்வொருவருக்கும் என்ன வந்தது, என்ன போனது என்று தெரிந்த அளவில் நிரப்ப வேண்டும். தொகை தெரியாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். 1907இல் பிரிட்டனும் சீனாவும் இந்திய அபினைப் படிப்படியாக நிறுத்த ஒப்புக்கொண்டு, 1913இல் சீனாவுக்கான ஏற்றுமதி நின்றது என்பதைக் கணக்கு முடிக்கும் நாளாக வைத்துக்கொள்ளலாம். காஜிப்பூர்த் தொழிற்சாலை இன்றும் மருந்துக்கான அபினைப் பக்குவப்படுத்தி வருவதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எழுதிய பேரேட்டில் கூலியின் பக்கத்தை நிரப்ப வந்தது பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை. வரவில் 'நாள்கூலி' என்று எழுதினாள். பற்றில் 'சண்டு' என்று எழுதிவிட்டு நெடுநேரம் யோசித்து, அதற்குக் கீழே 'ஊருக்கு அனுப்பிய பணம்' என்று எழுதி, தொகை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டாள்.